தையல் மெஷின் ஃபுட் பெடலை வேற மோட்டாருக்கு மாட்டலாமா? காலால வேகம் கூட்டி கொறைக்கறத பத்தி கொஞ்சம் விரிவா

அக்கா, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா எழுதிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியட்டும். பெரம்பூர் வீட்டு பால்கனில சின்னதா ஒரு பாட்டரி வீல், அதாவது மண்பாண்டம் செய்யற சக்கரம், செஞ்சுக்கணும், ரெண்டு கையும் களிமண்ணா இருக்கும் அதனால வேகத்த காலாலதான் கூட்டி கொறைக்கணும், மாமியாரோட பழைய தையல் மெஷின் பெடல் ஒண்ணு சும்மா கிடக்கு, தம்பி 750 வாட் மிக்ஸி மோட்டார் ஒண்ணு கழட்டி வெச்சிருக்கார், அது சரிவரலன்னா பெரிய கிரைண்டர்ல இருந்த அரை ஹெச்பி மோட்டார் இருக்கு, ரெண்டுல ஒண்ண பெடலோட நேரா மாட்டலாமா, இல்ல நடுவுல ஃபேன் ரெகுலேட்டர் போடலாமா. இதானே கேள்வி.

ரெண்டையும் மாட்டாதீங்க. ஃபேன் ரெகுலேட்டரும் வேணாம். ஆனா அந்த பெடல தூக்கி போட்டுடாதீங்க, அதோட உடம்பு நமக்கு உதவும், உள்ள இருக்கறத மட்டும் மாத்தணும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல பேனல் வயரிங் பண்றவன், மோட்டாரும் டிரைவும்தான் தினமும் கைல.

முதல்ல பெடலுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. பிளக்க கழட்டிட்டு அடில இருக்கற ஸ்க்ரூவ எடுத்தீங்கன்னா வெள்ளை பீங்கான்ல ஒரு கட்டி இருக்கும், அதுல நீளவாக்குல ரெண்டு ஓட்டை, ஓட்டைக்குள்ள பட்டன் சைஸுக்கு மெல்லிசா கருப்பு கார்பன் வில்லைங்க வரிசையா அடுக்கியிருக்கும், சாய்ச்சா கரித்தூளோட கொட்டும் அதனால பாத்து பண்ணுங்க. லேசா மிதிச்சா வில்லைங்க லூசா இருக்கும், ரெசிஸ்டன்ஸ் அதிகம், மோட்டார் மெதுவா ஓடும். அழுத்தி மிதிச்சா ஒண்ணோட ஒண்ணு இறுகி ரெசிஸ்டன்ஸ் கொறையும், வேகம் ஏறும். முழுசா மிதிச்சா ஒரு பித்தளை தகடு நேரா டச் ஆகி கார்பன பைபாஸ் பண்ணிடும். அவ்வளவுதான் டெக்னாலஜி. கொஞ்சம் புது மெஷின் பெடல்னா கார்பனுக்கு பதிலா சின்ன போர்டுல ட்ரையாக்னு கரண்ட கட்டுப்படுத்தற எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கும், வேலை அதேதான்.

இங்க கவனிக்க வேண்டியது என்னன்னா மோட்டாருக்கு போற மொத்த கரண்டும் பெடலுக்குள்ளதான் போகுது. தையல் மெஷின் மோட்டார் 100 வாட் பக்கம், 230 வோல்ட்ல அரை ஆம்பியர் கூட வராது. மிக்ஸி மோட்டார் 750 வாட்னா மூணு ஆம்பியருக்கு மேல. கரண்ட் ஏழெட்டு மடங்கு, ஆனா சூடு கரண்டோட ஸ்கொயர்ல ஏறும், அதாவது அதே ரெசிஸ்டன்ஸ்ல அம்பது மடங்குக்கு மேல. தையல் மெஷின்ல கூட மெதுவா தெச்சுக்கிட்டே இருந்தா பெடல் லேசா சுடறத கவனிச்சிருப்பீங்க, அந்த சூட்ட அம்பதால பெருக்கி பாருங்க. பிளாஸ்டிக் உருகும், கார்பன் வில்லை ஒட்டிக்கும், ஒட்டிக்கிச்சுன்னா காலை எடுத்தாலும் மோட்டார் நிக்காது.

காலை எடுத்தாலும் நிக்காதுங்கற இந்த ஒரு விஷயம்தான் நான் இந்த பதில எழுத காரணமே. வேகம் கூட்டி கொறைக்கறது ஈஸி, அதுக்கு நூறு வழி இருக்கு. எந்த வயர் அறுந்தாலும், எந்த பார்ட் பழுதானாலும், காலை எடுத்த நிமிஷம் மோட்டார் நிக்கணும், அதுக்கு பிளான் பண்ணி செய்யறவங்க ரொம்ப கம்மி. தெரிஞ்ச ஒருத்தர் பட்டறைல பழைய பெடல் ஒண்ணு, உள்ள ரேடியோ இரைச்சல தடுக்க ஒரு சின்ன கெபாசிட்டர் வெச்சிருப்பாங்க, அது ஷார்ட் ஆகி, பெடல யாரும் தொடாமலே மெஷின் தானா ஓட ஆரம்பிச்சு பெடல்ல இருந்து புகை வந்துச்சு. பழைய பெடல்கள்ல இது அடிக்கடி வர்ற கம்ப்ளைன்ட்தான். ட்ரையாக்கும் அப்படித்தான், பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட்தான் ஆகும், ஓபன் ஆகாது, ஷார்ட்னா ஃபுல் ஸ்பீடு.

மோட்டாருக்கு வருவோம். மிக்ஸி மோட்டார் யுனிவர்சல் மோட்டார், பிரஷ் வெச்சது, 18,000 ஆர்பிஎம் வேகத்துல ஓட பொறந்தது. உங்க சக்கரத்துக்கு வேண்டியது அதிகபட்சம் 250 ஆர்பிஎம், மண்ண சென்டர் பண்ணும்போதுதான், அதாவது சக்கரத்துக்கு சரியா நடுவுல கொண்டு வரும்போதுதான் அந்த வேகம், மத்த வேலைக்கு அதுல பாதி கூட வேணாம். எழுபது மடங்கு கொறைக்கணும், பெல்ட்ல அது நடக்காத காரியம். கரண்ட கொறச்சு மெதுவா ஓட்டுவோம்னா அதோட கூலிங் ஃபேன் அதே ஷாஃப்ட்லதான் இருக்கு, மெதுவா சுத்தினா காத்து வராது, சூடாகி காயில் போயிடும். மிக்ஸி மோட்டார் தொடர்ந்து ஓட்டறதுக்கும் இல்ல, அஞ்சு நிமிஷம் ஓட்டி ரெண்டு நிமிஷம் நிறுத்துங்கன்னு மேனுவல்லயே போட்டிருக்கும். இன்னும் ஒண்ணு, யுனிவர்சல் மோட்டார்ல லோடு கொறஞ்சா வேகம் பறக்கும், லோடு ஏறினா படுத்துடும். நீங்க மண்ண கையால அழுத்தினதும் சக்கரம் சொணங்கும், கைய எடுத்ததும் ஓடும், பெல்ட் கழண்டுச்சுன்னா கத்திக்கிட்டு வேகம் ஏறும். பாட்டரிக்கு இது ஒத்தே வராது.

கிரைண்டர் மோட்டார் வேற ஜாதி. அது இண்டக்‌ஷன் மோட்டார், அது வேகத்த முடிவு பண்றது வோல்டேஜ் இல்ல, லைன்ல வர்ற 50 ஹெர்ட்ஸ். நாலு போல்னா 1440 ஆர்பிஎம் பக்கம், நீங்க என்ன பண்ணாலும் அதுலதான் நிக்க பாக்கும். வோல்டேஜ கொறச்சா வேகம் கொஞ்சம்தான் கொறையும், இழுவை சுத்தமா போயிடும், கரண்ட் ஏறும், சூடாகும். அதுலயும் கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார்னா உள்ள சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்கும், வேகம் ஏறினதும் டக்குனு ஒரு சத்தம் வருமே அதுதான், அந்த சுவிட்ச் ஸ்டார்டிங் காயில கழட்டி விடும். வேகம் ஏறவே இல்லன்னா கழட்டாது, ஸ்டார்டிங் காயில் லைன்லயே நின்னு கொஞ்ச நேரத்துல கருகிடும். அப்புறம் காயில் கட்டற கடைக்குதான் போகணும்.

"ஃபேன் மட்டும் ரெகுலேட்டர்ல மெதுவா ஓடுதே, அதுவும் இண்டக்‌ஷன் மோட்டார்தானே"ன்னு தம்பி கேப்பார், நல்ல கேள்வி. ஃபேனுக்கு லோடு காத்து மட்டும்தான், வேகம் கொறஞ்சா லோடும் தானா ரொம்ப கொறஞ்சுடும், பாதி வேகத்துக்கு கால்வாசி இழுவை போதும், அதனால கம்மி வோல்டேஜ்ல தாங்கும், அந்த மோட்டார டிசைன் பண்ணும்போதே அதுக்கு ஏத்த மாதிரிதான் பண்ணுவாங்க. களிமண் அப்படி இல்ல, சக்கரம் மெதுவா சுத்தினாலும் உங்க கை அதே பலத்தோட அழுத்தும்.

ரெகுலேட்டர் விஷயத்துல இன்னொரு ஆபத்து, இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். சில பேர் டிம்மரயோ ரெகுலேட்டரயோ பிரிச்சு அதுல திருகற பொட்டன்ஷியோமீட்டர, அதாவது நகர்த்தினா ரெசிஸ்டன்ஸ் மாறற பார்ட்ட மட்டும் நீளமா வயர் இழுத்து பெடலுக்குள்ள வெச்சுடறாங்க, "சின்ன பார்ட்தானே, சின்ன கரண்ட்தானே"ன்னு. அந்த பொட்டன்ஷியோமீட்டர் 230 வோல்ட் லைன்லயே தொங்கிக்கிட்டு இருக்கு, நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் கிடையாது. நம்ம வீட்டுல யாரும் செருப்பு போட்டுக்கிட்டு உக்காந்து வேலை செய்ய மாட்டோம், வெறுங்கால்தான், தரை டைல்ஸ், அதுவும் பாட்டரின்னா தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழைல பால்கனி தரையே ஈரம். அந்த எடத்துல காலுக்கு கீழ லைன் வோல்டேஜ வெக்கவே கூடாது. அதனால நான் சொல்ற கணக்கு இதுதான்: பெடலுக்குள்ள போறது 5 வோல்ட் அல்லது 10 வோல்ட் சிக்னலும், அதிகபட்சம் 24 வோல்ட் சுவிட்ச் லைனும் மட்டும், மோட்டார் பவர் எல்லாம் வேற எடத்துல.

இப்ப என்ன மோட்டார் வாங்கறது. உங்க எடத்துக்கு, உங்க வேலைக்கு, நான் 24 வோல்ட் டிசி மோட்டார்தான் சொல்வேன். ஈ-பைக் கிட்ல வரும், 250 வாட், பிரஷ் டைப், 2650 ஆர்பிஎம் பக்கம், ஃபுல் லோடுல 13, 14 ஆம்பியர் எடுக்கும். குவளை, கிண்ணம், சின்ன சட்டி, அகல் எல்லாத்துக்கும் தாராளம். கியர் வெச்ச மாடலும் இருக்கு ஆனா கியர் அதிர்வு சக்கரத்துல தெரியும், மண்ணுல கோடு விழும், பெல்ட்தான் நல்லது. வாஷிங் மெஷின்ல வர்ற வரி வரியா இருக்கற பெல்ட் போட்டு மோட்டார்ல சின்ன புல்லி சக்கரத்துக்கு கீழ பெரிய புல்லி, பத்துக்கு ஒண்ணுன்னு வந்தா முழு வேகத்துல 265, சரியா இருக்கும். பவருக்கு 24 வோல்ட் 15 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதாவது 230 வோல்ட் ஏசிய 24 வோல்ட் டிசியா மாத்தற பவர் சப்ளை, ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த கடைலயும் கிடைக்கும். அத தரைல வெக்காதீங்க, சுவத்துல இடுப்பு உயரத்துக்கு மேல, தண்ணி தெறிக்காத எடத்துல, காத்து போற ஓட்டை வெச்ச பெட்டிக்குள்ள மாட்டுங்க, 230 வோல்ட் அந்த பெட்டியோட முடிஞ்சுடணும். அதுல இருந்து வர்ற 24 வோல்ட்ல ஒரு 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ்.

கன்ட்ரோலர் வாங்கும்போது ஒரு விஷயம். கரண்ட வேகமா விட்டு விட்டு குடுத்து வேகத்த மாத்தற பிடபிள்யூஎம் போர்டு ஒண்ணு ரொம்ப சீப்பா கிடைக்கும், திருகற குமிழோட. சிலதுல அந்த பொட்டன்ஷியோமீட்டர் 555ங்கற டைமர் சிப்போட டைமிங்லயே ஒரு பாகமா இருக்கும், அதுல வயர் அறுந்தா மோட்டார் நிக்குமா பறக்குமான்னு போர்டுக்கு போர்டு மாறும், நீள வயர் இழுத்தா இரைச்சல் வேற பிடிக்கும். அதுக்கு பதிலா அதே ஈ-பைக் மோட்டாருக்குன்னே வர்ற 24 வோல்ட் 250 வாட் பிரஷ் கன்ட்ரோலர் வாங்குங்க. அதுல த்ராட்டிலுக்கு, அதாவது வேகம் கூட்டற கைப்பிடிக்கு, மூணு வயர் கனெக்டர் இருக்கும், 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். சிக்னல் ஒரு வோல்ட் பக்கத்துல இருந்து நாலு வோல்ட் சொச்சம் வரைக்கும் ஏறினா வேகம் ஜீரோல இருந்து ஃபுல்.

இப்ப பெடல். பீங்கான் கட்டி, கெபாசிட்டர், பழைய 230 வோல்ட் வயர், எல்லாத்தையும் எடுத்துடுங்க, ஒண்ணு கூட மிச்சம் வெக்காதீங்க. காலி பெடல்ல மேல் தகடும் அடி தகடும் கீலும் ஸ்பிரிங்கும் மட்டும் இருக்கும். உள்ள ஹால் சென்சார், அதாவது காந்தம் கிட்ட வர்றத உணர்ற சென்சார், வெக்கறது என்னோட சாய்ஸ், 49ஈன்னு கேட்டா கொடுப்பாங்க, மூணு கால் இருக்கற சின்ன பீஸ். 3144ன்னு ஒண்ணு அதே மாதிரி இருக்கும், அது ஆன் ஆஃப் மட்டும் பண்ற சுவிட்ச், மாத்தி வாங்கிடாதீங்க. 49ஈ காந்தம் பக்கத்துல இல்லன்னா 2.5 வோல்ட் காட்டும், ஒரு துருவம் கிட்ட வந்தா ஏறும், இன்னொரு துருவம் வந்தா எறங்கும். அதனால காலை எடுத்த நிலைல ஒரு காந்தம் சிக்னல ஒரு வோல்ட்டுக்கு கீழ இழுத்து வெச்சிருக்கணும், மிதிக்க மிதிக்க அடுத்த துருவம் கிட்ட வரணும், ரெண்டு குட்டி காந்தத்த எதிரெதிர் துருவமா மேல் தகட்டுல ஒட்டி சென்சார் நடுவுல நகர்ற மாதிரி வெச்சா நல்லா வரும். மீட்டர் வெச்சு மிதிச்சு மிதிச்சு பாத்து எடம் முடிவானதுக்கு அப்புறம் சென்சார அரால்டைட் ஊத்தி மூடிடுங்க, களிமண் தண்ணி உள்ள போகாது. இதெல்லாம் தலைவலின்னா ஈ-பைக் கடைலயே காலால மிதிக்கற ஹால் த்ராட்டில் ரெடிமேடா கிடைக்கும், வாங்கி அப்படியே மாட்டலாம், அதுல ஒரு குறையும் இல்ல.

பொட்டன்ஷியோமீட்டர்தான் வெப்பேன்னா வட்டமா திருகறது வேணாம், அது கிட்டத்தட்ட 300 டிகிரி திரும்பணும், பெடல் நகர்றது ரெண்டு சென்டிமீட்டர் கூட இல்ல. ஸ்லைடர் டைப் வாங்குங்க, பின்னால பி10கேன்னு போட்டிருக்கணும், ஏன்னா பி தான் சீரா ஏறும், ஏ போட்டது ஆடியோவுக்கு, அதுல கடைசி கொஞ்ச தூரத்துல எல்லா வேகமும் ஒரேடியா வந்துடும்.

அடுத்தது தான் முக்கியமான பாகம். மூணு வயர்ல கிரவுண்ட் வயர் அறுந்தா என்ன ஆகும்னு யோசிங்க. பொட்டன்ஷியோமீட்டர்னா கீழ இழுக்க ஆளில்ல, சிக்னல் நேரா மேல போய் ஒட்டிக்கும், அதாவது ஃபுல் ஸ்பீடு. ஹால் சென்சார்லயும் கிட்டத்தட்ட அதேதான். நல்ல கன்ட்ரோலர் சிக்னல் அளவுக்கு மேல போனா தப்புன்னு புரிஞ்சுக்கிட்டு நிறுத்திடும், எல்லா கன்ட்ரோலரும் பண்ணாது. பெடல் வயர்தான் தெனமும் மிதிபட்டு மடங்கி அறுந்து போற வயர், அதனால இது எப்பவோ நடக்கற விஷயம் இல்ல. இதுக்கு மருந்து ஒரு மைக்ரோ சுவிட்ச். பெடல் முதல் ரெண்டு மூணு மில்லிமீட்டர் எறங்கும்போதே அது ஆன் ஆகணும், காலை எடுத்தா ஸ்பிரிங் பெடல தூக்கும், சுவிட்ச் ஆஃப். அந்த சுவிட்ச் 24 வோல்ட் ரிலே ஒண்ண, அதாவது சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச, இழுக்கணும், ரிலேயோட கான்டாக்ட் மோட்டார் வயர்ல சீரிஸ்ல. லாரிக்கு போடற 24 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே புதுப்பேட்டைல கேட்டாலே கிடைக்கும். மிதிக்கும்போது முதல்ல ரிலே, அப்புறம்தான் வேகம் ஏறுது, எடுக்கும்போது முதல்ல வேகம் ஜீரோ, அப்புறம் ரிலே விடுது, அதனால சாதாரணமா கான்டாக்ட்ல பொறி பறக்காது, நாள்பட வரும். சிக்னல் வயர் என்ன கோளாறு பண்ணாலும் காலை எடுத்தா மோட்டாருக்கு கரண்ட் இல்ல. மைக்ரோ சுவிட்ச் வயரே அறுந்தாலும் ரிலே விடும், மோட்டார் நிக்கும்.

ஸ்பிரிங் ஒண்ணு இருக்கற எடத்துல ரெண்டா போடுங்க, ஒண்ணு உடைஞ்சாலும் பெடல் மேல வரணும். கடைல விக்கற பாட்டரி வீல்கள்ல, ஷிம்போ மாதிரி கம்பெனி வீல்ல எல்லாம், பெடல விட்ட எடத்துலயே நிக்கும், கால் வலிக்காம ஒரே வேகத்துல ஓட்ட வசதின்னு அப்படி வெக்கறாங்க. அவங்க அத டெஸ்ட் பண்ணி விக்கறாங்க. வீட்டுல நாமளே செய்யற வீலுக்கு, குழந்தைங்க ஓடற வீட்டுல, தானா மேல வர்ற பெடல்தான் வெக்கணும்னு நான் சொல்வேன், கால் கொஞ்சம் வலிச்சாலும் பரவால்ல.

பெடல்ல இருந்து வர்ற கேபிளுக்கு ரெண்டு சுவிட்ச் வயர், மூணு சிக்னல் வயர், மொத்தம் அஞ்சு கோர், ஷீல்டு போட்டது. முனைல வீட்டு பிளக் மாதிரி எதையும் மாட்டிடாதீங்க, யாராவது ஒரு நாள் அத சுவத்து சாக்கெட்ல சொருகிடுவாங்க. வட்டமா மரை போட்டு இறுக்கற அஞ்சு பின் கனெக்டர் கிடைக்கும், அத போடுங்க. பெடல்ல கேபிள் நுழையற எடத்துல கேபிள பிடிச்சு நிறுத்தற கிளாண்டு போட்டு இறுக்குங்க, சால்டர் மேல இழுவை வரக்கூடாது.

கைக்கு எட்டற எடத்துல, முட்டி பக்கத்துல, சிவப்பு காளான் மாதிரி தலை இருக்கற எமர்ஜென்சி பட்டன் ஒண்ணு, அது ரிலே லைன்ல சீரிஸ்ல வந்தா போதும், கைல மண்ணோட முழங்கையால தட்டினா கூட நிக்கணும். பால்கனி சாக்கெட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா விழற சுவிட்ச், இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இந்த வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத போடுங்க. டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவ அழுத்தி விழுதான்னு பாக்கணும். பழைய ஃபிளாட்ல மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், ஆனா எர்த் ஓட்டைக்கு பின்னால வயரே இருக்காது, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு மீட்டர் வெச்சு பாக்க சொல்லுங்க. எஸ்எம்பிஎஸ் இரும்பு பாடிக்கும் வீல் ஃப்ரேமுக்கும் எர்த் கட்டாயம் வேணும்.

பெரிய பானை, அஞ்சாறு கிலோ மண்ணு எல்லாம் போடணும், நாள் பூரா ஓட்டணும்னா வேற வழி, அரை ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டாரும், அதுக்கு போற ஹெர்ட்ஸ மாத்தி வேகத்த மாத்தற விஎஃப்டிங்கற டிரைவும். விஎஃப்டி வீட்டு சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்ட வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸா குடுக்கும், மோட்டார் நேம்பிளேட்ல 230/415ன்னு இருந்தா டெல்டால, அதாவது மூணு காயிலையும் முக்கோணமா சேத்து, கட்டணும். ஹெர்ட்ஸயே மாத்தறதால இண்டக்‌ஷன் மோட்டார் சொன்ன பேச்சு கேக்கும். பெடல் 10கே ஸ்லைடரோட அதோட 10 வோல்ட் டெர்மினலுக்கு, மைக்ரோ சுவிட்ச் ரன் டெர்மினலுக்கு, இங்க ரிலே வேணாம், விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல எந்த சுவிட்சும் போடவே கூடாது. கரண்ட் போய் வந்தா தானா ஸ்டார்ட் ஆகக்கூடாதுன்னு பாராமீட்டர்ல ஆஃப் பண்ணிடுங்க. மெயின ஆஃப் பண்ணினாலும் உள்ள கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், மூடிய திறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் விடுங்க. 20 ஹெர்ட்ஸுக்கு கீழ ரொம்ப நேரம் ஓட்டினா மோட்டார் சுடும், அதனால இங்கயும் பெல்ட் ரேஷியோ வெச்சு கொறச்சுக்கணும்.

பழைய பெடல அப்படியே பயன்படுத்தலாம்னு ஒரு எடம் இருக்கு: அது எந்த மாதிரி மோட்டாருக்கு செஞ்சதோ அதுக்கே. 100 வாட்டுக்கு உள்ள, பிரஷ் வெச்ச, 230 வோல்ட் மோட்டார், பெடல் அடில இருக்கற லேபிள்ல எழுதின ஆம்பியருக்குள்ள. மணி ஓட்டை போடற சின்ன டிரில், நகை பாலிஷ் பண்ற ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட் மெஷின் மாதிரி. அப்பவும் பழைய கெபாசிட்டர மாத்திடுங்க, வெளிநாட்டுல இருந்து வந்த 110 வோல்ட் பெடலா இல்லையான்னு பாத்துடுங்க, வேலை முடிஞ்சதும் பிளக்க உருவிடுங்க, ஏன்னா ரெண்டு பின் பிளக்க திருப்பி சொருகினா பெடல் ஃபேஸ விட்டுட்டு நியூட்ரல கட் பண்ணிக்கிட்டு இருக்கும், மோட்டார் நின்னிருந்தாலும் உள்ள லைன் இருக்கும்.

எல்லாம் மாட்டி முடிச்சதும் மண்ண வெக்காதீங்க. பெல்ட்ட கழட்டிட்டு மோட்டார மட்டும் பாதி வேகத்துல ஓட்டுங்க, மிதிச்சுக்கிட்டே இருக்கும்போது தம்பிய விட்டு பெட்டி பக்கத்துல அஞ்சு வயரையும் ஒண்ணொண்ணா கழட்ட சொல்லுங்க. ஒவ்வொரு வயருக்கும் மோட்டார் என்ன பண்ணுதுன்னு பாருங்க, நின்னா சரி, வேகம் ஏறினா உடனே காலை எடுங்க, எடுத்ததும் கரண்ட் கட்டாகி அடங்கி நிக்கணும். ஒரு வயருக்கு அடங்கலன்னா கூட மைக்ரோ சுவிட்ச் வயரிங் தப்புன்னு அர்த்தம், பெல்ட்ட போடாதீங்க. வாங்கற மோட்டார், கன்ட்ரோலர் ரெண்டோட நேம்பிளேட்டயும் போட்டோ எடுத்து போடுங்க அக்கா, வயரிங்க வரைஞ்சே குடுத்துடறேன்.